எந்த ஊர் அது?

புதுக்கோட்டைக்கு மேற்கே, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது குடுமியான்மலை. கூட்டத்தில் பேசப் போனவன் நான். குன்றைப் பார்த்துத் திரும்பினேன். அன்று நான் பேசியது எனக்கே மறந்துவிட்டது. குன்று பேசியது மறக்கவில்லை.

அங்கே, மேலைக்கோயில் என்று வழங்கும் குடைவரைக்குப் பக்கத்திலே, பாறைச் சரிவிலே, ஒரு கல்வெட்டு இருக்கிறது. எந்த மன்னன் எந்த நாட்டை வென்றான் என்று சொல்லும் கல்வெட்டா? அல்ல! எந்தக் கோயிலுக்கு எத்தனை ஆடு கொடுத்தான் என்று சொல்லும் கல்வெட்டா? அதுவும் அல்ல! இசை, தோழர்களே, இசை! ஏழு பகுதிகளாக, சுரம் சுரமாக, கிரந்த எழுத்திலே பாறையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டினது என்பது அறிஞர் பலரின் கருத்து. பாடிய குரல் போயிற்று. மீட்டிய விரல் போயிற்று. கேட்ட செவி போயிற்று. எழுதிய எழுத்து மட்டும் நிற்கிறது.

ருத்ராச்சாரியர் என்பாரின் மாணவனான மன்னன் ஒருவன், இசை பயிலும் மாணவர்களின் நலன் கருதி இதனைச் செய்தான் என்று அந்தக் கல் கூறுகிறது. எந்த மன்னன்? அதைக் கல் கூறவில்லை! மகேந்திரவர்ம பல்லவன்தான் என்றார்கள் ஒரு சாரார்; இல்லவே இல்லை என்று மறுத்தார்கள் மற்றொரு சாரார். சுரத்தை எழுதியவன் தன் பெயரை எழுதாமல் விட்டான். அந்த ஒரு பெயர் இல்லாததால் ஒரு நூற்றாண்டாக வாதம் நடக்கிறது.

அதே ஊரில், சிகாநாதர் கோயிலில், நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. இப்படி நிலம் பற்றி எழுதிய கல்வெட்டுகளைத் தமிழகத்துக் கோயில்களில் படித்துப் பாருங்கள். இன்ன ஊரார் இன்ன நிலத்தை இன்னாருக்குக் கொடுத்தார்கள். அந்த நிலத்துக்குக் கிழக்கெல்லை இன்ன வாய்க்கால், தெற்கெல்லை இன்ன குளத்தின் கரை என்று, நான்கு எல்லையும் தவறாமல் எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயர், நிலப் பெயர், ஆள் பெயர்! அங்கே ஐயத்துக்கு இடம் குறைவு. ஆயிரம் ஆண்டு கழித்தும், ஆய்வாளன் ஒருவன் அந்த எல்லையைக் கையில் பிடித்துக்கொண்டு வயல்வெளியிலே நடக்க முடிகிறது.

பெயர் எழுதாத கல்லையும், எல்லை எழுதிய கல்லையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுப் பேருந்தில் திரும்பியபோது, எனக்கு என் நாடகம் ஒன்று நினைவுக்கு வந்தது. வெட்கத்தோடுதான் நினைவுக்கு வந்தது.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். படிப்பு விட்டது, மேடை பிடித்துக்கொண்டது. சில ஆண்டுகளுக்கு முன், ஈழத்து மக்களின் இடப்பெயர்வை வைத்து ஒரு நாடகம் எழுதினேன். குண்டு விழுகிறது, குடிசை எரிகிறது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் ஓடுகிறாள். வெறிச்சோடிய தெருவிலே ஒரு நாய் மட்டும் நிற்கிறது. இப்படிக் காட்சிக்குக் காட்சி கண்ணீர்! அரங்கம் அழுதது. நானும் திரைக்குப் பின்னே நின்று, அழுகிறார்கள், வெற்றி என்று மகிழ்ந்தேன்.

நம் மாவட்டத்தில் உள்ள மறுவாழ்வு முகாம் ஒன்றிலும் அந்த நாடகத்தை நடத்தினோம். முடிந்ததும், முன் வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் எழுந்து வந்தார். அறுபதைக் கடந்தவர். என் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்:

“நல்ல நாடகம், தம்பி. ஆனா அது எந்த ஊர்?”

எனக்கு விளங்கவில்லை. “ஈழத்தில் ஓர் ஊர், அம்மா” என்றேன்.

“அது தெரியுது. எந்த ஊர்?”

விடையில்லை என்னிடம்! நாடகப் பிரதியில் நான் எழுதியிருந்தது, ‘ஒரு கிராமம்’ என்பது மட்டுமே. மூன்று அங்கம் எழுதினேன். முப்பது பக்கம் வசனம் எழுதினேன். ஓர் ஊர்ப் பெயர் எழுதவில்லை! அம்மையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தரையில் அமர்ந்தார். கையிலிருந்த விளக்குமாற்றுக் குச்சியால் மண்ணிலே கோடு கிழித்தார். “இது எங்கட ஒழுங்கை. இதில பங்குக் கிணறு. நாலு வீட்டுக்குப் பங்கு. இதால போனா வைரவர் கோயில். அங்கால வாசிகசாலை. அதுக்குப் பிறகு கடல்.” மயிலிட்டி அவர் ஊர். கிணற்றில் பங்கு வைத்திருந்த நான்கு வீட்டாரின் பெயரையும் சொன்னார். நால்வரில் இருவர் இப்போது உயிரோடு இல்லை என்றார். பிறகு, பக்கத்தில் நின்ற பேரனைக் காட்டி, “இவனிட்டக் கேளுங்கோ, சொந்த ஊர் எதெண்டு. முகாமின்ர பேரைத்தான் சொல்லுவான்” என்றார்.

சற்று நேரத்தில் பிள்ளைகள் ஓடி வந்தார்கள், கோடு அழிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் சட்டைப் பையில் பேனா இருந்தது. கையில் நாடகப் பிரதி இருந்தது. அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. எழுதிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை!

அந்தக் குற்ற உணர்ச்சிதான் இந்தக் கட்டுரை.

மயிலிட்டி எங்கே இருக்கிறது? யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே, கடலோரத்தில் இருக்கிறது. பேர்பெற்ற மீன்பிடித் துறைமுகம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, வலிகாமம் வடக்கு என்னும் அந்த வட்டாரத்து ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாயின. பிறகு அப்பகுதி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மயிலிட்டித் துறைமுகம் மக்கள் கைக்கு மீண்டது 2017 ஜூலையில்! இருபத்தேழு ஆண்டு, தோழர்களே! தொட்டிலில் போன குழந்தை, தன் தொட்டில் குழந்தையோடு திரும்பும் காலம். அப்போதும் திரும்பியது ஒரு பகுதிதான். அந்த வட்டாரத்து நிலம் முழுவதும் இன்னும் விடுவிக்கப்படவில்லை.

மயிலிட்டி தனி ஊர் அல்ல. ஒரு வரிசையில் ஓர் ஊர்.

முல்லைத்தீவுக் கரையில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி. 1984 டிசம்பரில் அந்த மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இரணைதீவு: 1992இல் தீவே காலியாயிற்று, கடற்படை அமர்ந்தது. 2018 ஏப்ரலில், அனுமதிக்காகக் காத்திருந்து அலுத்த மக்கள், வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் தாங்களே போய்த் தங்கள் கரையில் இறங்கினார்கள். மன்னார் மாவட்டத்தில் முள்ளிக்குளம்: 2007 செப்டம்பரில் ஊரார் வெளியேறினர், ஊர் கடற்படைத் தளமாயிற்று. திருகோணமலை மாவட்டத்தில் சம்பூர்: 2006இல் மக்கள் துரத்தப்பட்டார்கள், அந்த மண்ணில் அனல்மின் நிலையம் எழுப்பத் திட்டம் தீட்டினார்கள், ஏறத்தாழ பத்தாண்டு கழித்தே மக்கள் மீண்டார்கள். கேப்பாப்புலவு: 2017இல் தொடங்கி, இராணுவ வாயிலின் முன்னே பந்தல் போட்டு, பெண்கள் இரவும் பகலும் அமர்ந்து, தம் வீட்டைத் தமக்குத் தா என்று கேட்டார்கள்.

1995 அக்டோபர் இறுதியில், ஒரே இரவில், யாழ்ப்பாண நகரமும் சுற்றியுள்ள வலிகாமமும் வெறுமையானதைச் சொல்லவா? பல லட்சம் மக்கள், நாவற்குழிப் பாலத்தைக் கடக்க, மழையிலே, மணிக்கணக்கில் நின்றார்களே, அதைச் சொல்லவா? சொல்லச் சொல்ல நீளும் பட்டியல். அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு குளம், ஒரு சந்தி, ஒரு பள்ளிக்கூடம்.

‘சரி, துயரம்தான். ஆனால் எழுதி வைத்தால் ஊர் திரும்புமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?’ என்று கேட்பார் உண்டு.

உதவும்! எப்படி என்று கேளுங்கள்.

2025 மார்ச் 28ஆம் நாள் இலங்கை அரசு ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளியிட்டது. நம் வழக்கில் அரசிதழ். யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் நிலம் பற்றியது அது. உரிமை உடையவர்கள் மூன்று மாதத்துக்குள் வந்து உரிமையை நிலைநாட்ட வேண்டும். நாட்டாத நிலம் அரசின் நிலம்! இதுதான் அதன் சாரம்.

மூன்று மாதம்! உறுதி எங்கே என்று கேட்கிறது அரசு. உறுதி என்பது அங்கே நிலப் பத்திரம். எங்கே இருக்கும்? எரிந்த வீட்டில் எரிந்தது. கடலில் கவிழ்ந்த படகில் கவிழ்ந்தது. பதுங்குகுழியில் புதைத்தது புதைந்தபடியே போயிற்று. உரியவன் எங்கே? ஒருவன் புதுக்கோட்டை மாவட்டத்து முகாமில். ஒருவன் கனடாவில் பனி வாருகிறான். ஒருவன் முள்ளிவாய்க்காலில் மாண்டான். இவர்கள் எல்லோரும் மூன்று மாதத்தில் முத்திரைத் தாளோடு வரிசையில் நிற்க வேண்டுமாம்! எதிர்ப்பு எழுந்தது, வழக்கு நடந்தது, 2025 ஜூனில் உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசும் அறிவித்தலைத் திரும்பப் பெற்றது. நல்லது. ஆனால் ஓர் அறிவித்தல் போயிற்று என்பதால், இனி எந்த அறிவித்தலும் வராது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?

இன்னொன்றும் கேளுங்கள். இலங்கைச் சட்டப்படி, தனியார் நிலத்தைப் பத்தாண்டு தடையின்றித் தன் அனுபவத்தில் வைத்திருந்தவன், அது தனக்கே உரியது என்று நீதிமன்றத்தில் கேட்கலாம். குண்டுக்கு அஞ்சி ஓடியவனின் நிலத்தில் குடியேறியவனுக்கும் இந்தப் பத்தாண்டுக் கணக்கா? அநியாயம் என்று பலர் எடுத்துரைத்த பிறகு, 2016இல் ஒரு தனிச் சட்டம் செய்தார்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை உள்ள காலம், போரால் நிலத்தைவிட்டு ஓடியவர்களுக்கு எதிராக எண்ணப்படலாகாது என்றார்கள். நியாயந்தான்! ஆனால் அந்த நியாயத்தைக் கேட்டு வழக்காடவும் காலக்கெடு வைத்தார்கள். முகாமில் கிடப்பவனுக்குச் சட்டம் வந்த செய்தியே எட்டுவதற்குள், கெடு கடந்துவிடாதா?

நீதிமன்றத்தில் உறுதி இல்லாதவனுக்கு எஞ்சுவது என்ன? சாட்சி. அயலானின் சாட்சி. ‘ஆம், இவர் காணிக்கு வடக்கே என் காணி, நடுவே பூவரச வேலி, கிணறு எங்கள் இருவருக்கும் பங்கு’ என்று சொல்லும் ஒரு வாய். யாழ்ப்பாணத்திலே ஒவ்வொரு காணித் துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. உறுதியிலே அந்தப் பெயரும் நான்கு எல்லையும் எழுதியிருக்கும். ஒல்லாந்தர் காலத்திலேயே தோம்பு என்னும் பதிவேட்டில் காணியையும் காணிக்காரரையும் எழுதி வைத்தார்கள். அந்தப் பெயர்கள் இன்று எங்கே இருக்கின்றன? அறுபது, எழுபது, எண்பது வயதானவர்களின் நினைவிலே இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் அந்த ஏட்டில் ஒரு பக்கம் சுடுகாட்டுக்குப் போகிறது.

பெயர் போனால் என்ன ஆகும் என்பதற்கு மணலாறு சான்று. 1984இல் தமிழ் ஊர்கள் வெறுமையாக்கப்பட்ட அந்த வட்டாரத்தில் சிங்களக் குடியேற்றம் அமைந்தது. பெயர் என்ன வைத்தார்கள்? வெலி ஓயா. ‘வெலி’ என்றால் மணல். ‘ஓயா’ என்றால் ஆறு! மண்ணை எடுத்துக்கொண்டவர்கள் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டார்கள். இன்று பிறக்கும் பிள்ளை வரைபடத்தைப் பார்த்தால், அங்கே என்றும் வெலி ஓயாவே இருந்தது என்றுதானே நினைக்கும்? இருந்தது வேறு என்று சொல்ல ஓர் ஏடு வேண்டாமா?

ஏட்டின் வலிமையை ஏட்டின் பகைவன் அறிவான். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவன் எதற்கு எரித்தான்? அதில் இருந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். வாளும் வேலும் அல்லவே!

இங்கே நம் தோழர் ஒருவர் குறுக்கிடுகிறார். ‘முகாமில் இருப்பவனுக்குக் கூரை வேண்டும், பிள்ளைக்கு வேலை வேண்டும், குடியுரிமை வேண்டும். அதை விட்டுவிட்டு இடிந்த ஊரின் கதையை எழுதச் சொல்கிறீரே!’ என்கிறார்.

விட்டுவிட்டு அல்ல, தோழரே, அதற்காகவும்தான்! 1983 தொடங்கி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகக் கரையில் இறங்கினார்கள். இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 2021 ஆகஸ்டில், அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு அறிவித்தது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரவும் திட்டமிட்டது. நன்று. ஆனால் 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லி நின்றுவிட்டது. இலங்கை அதில் இல்லை. இங்கே குடியுரிமை கேட்கும் மனுவாயினும், அங்கே நிலம் கேட்கும் மனுவாயினும், அலுவலகத்தில் முதல் கேள்வி என்ன? ‘உன் ஊர் எது? எப்போது விட்டாய்? என்ன ஆதாரம்?’ முகாமில் பிறந்த பேரனுக்கு அதற்கு விடை வேண்டும். பாட்டி இருக்கும்போதே விடை வேண்டும்!

இனி நான் சொல்லப்போவதற்குக் கைதட்டல் கிடைக்காது. இருந்தும் சொல்ல வேண்டும்.

வெறிச்சோடிய ஊர்களைப் பற்றி எழுதப் புகுந்தால், நமக்கு வசதியான ஊர்களை மட்டும் எழுதலாகாது. 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் முழுவதும் வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியது சிங்கள இராணுவம் அல்ல, விடுதலைப் புலிகள். யாழ்ப்பாணத்திலே அவர்களுக்குக் கொடுத்த நேரம் இரண்டு மணி. 70,000க்கும் மேற்பட்டவர்கள், நம் தமிழையே தாய்மொழியாகப் பேசியவர்கள், உடுத்த துணியோடு புத்தளத்துக்குப் போய்க் குடிசை போட்டார்கள். சோனகத் தெருவும், மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியும் வெறுமையாயின. எல்லைப்புறத்துச் சிங்களச் சிற்றூர்களிலும் அச்சத்தால் அடுப்பு அணைந்தது உண்டு. அவையும் ஊர்கள்தாம்! அங்கேயும் பங்குக் கிணறு இருந்தது, பாட்டி இருந்தாள்.

‘அதை நாம் ஏன் எழுத வேண்டும்?’ என்று கேட்கிறீர்களா? எழுதாவிட்டால் நம் ஏட்டை யார் நம்புவார்? பக்கம் கிழித்த கணக்குப் புத்தகத்தை எந்த நீதிமன்றம் ஏற்கும்? நமக்கு நேர்ந்ததை மட்டும் எழுதி, நம்மவர் செய்ததை மறைத்தால், அது பதிவேடு ஆகாது; வசைப்பாட்டு ஆகும். வசைப்பாட்டைக் கொண்டு எவனும் ஒரு பரப்பு நிலத்தையும் மீட்டதில்லை.

உலகைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் கிழக்கு ஐரோப்பாவின் யூதக் குடியிருப்புகள் வேரோடு அழிக்கப்பட்டன. தப்பியவர்கள் என்ன செய்தார்கள்? ஊர் ஊராக நினைவேடு தொகுத்தார்கள். தெருவை நினைவிலிருந்து வரைந்தார்கள். மாண்டவர் பெயரை வரிசையாக அச்சிட்டார்கள். நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு இன்று அந்த ஏடுகள் இருக்கின்றன. 1948இல் இஸ்ரேல் பிறந்தபோது, பாலஸ்தீன அரபு மக்களின் ஊர்கள் வெறுமையாயின. வலீத் காலிதி என்ற பாலஸ்தீன வரலாற்றாசிரியர் ஓர் ஆய்வுக் குழுவோடு உழைத்து, அழிந்துபோன 418 ஊர்களை ஒவ்வொன்றாக எழுதி, 1992இல் நூலாக்கினார். ஊர் எங்கே இருந்தது, எத்தனை வீடு, எப்போது காலியாயிற்று, இன்று அந்த இடத்தில் என்ன நிற்கிறது! எதிரெதிர் நிற்கும் இரண்டு மக்கள். ஊரை இழந்தபின் இருவரும் செய்தது ஒரே வேலை: பெயரை எழுதினார்கள்.

இது தமிழனுக்குப் புதிய வேலையும் அல்ல. குடுமியான்மலைக்குத் தென்மேற்கே, பக்கத்து மாவட்டத்தில் நிற்கிறது பிரான்மலை. பாரியின் பறம்பு அதுவே என்பர். மூவேந்தரும் சூழ்ந்து நின்றார்கள், பாரி மாண்டான், பறம்பு பறிபோயிற்று. பாரி மகளிரை அழைத்துக்கொண்டு வெளியேறினார் கபிலர். அகதி அவர்! தோற்ற மண்ணின் புலவர்! பறம்பின் சுனையையும், தினையையும், பலாவையும், மழை நீர் தேங்கிய சிறு குளத்தையும் பாடி வைத்தார். தலைவனை இழந்து வருந்திப் பாடும் பாட்டுக்குக் கையறுநிலை என்று துறையே வகுத்தார்கள் நம் முன்னோர். முற்றுகையிட்ட வேந்தர் மூவருள் யார் யார் என்று நாம் இன்று அறியோம். அந்தச் சுனை எப்படி இருந்தது என்பதை அறிவோம்.

ஆகவே, தோழர்களே, வேலைக்கு வருவோம்.

நம் மாவட்டத்திலே முகாம்கள் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்திலும் இருக்கும். கொடி வேண்டாம், மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். நோட்டுப் புத்தகம் ஒன்று, பேனா ஒன்று. முகாமில் உள்ள படித்த இளைஞர்களை முன்னால் நிறுத்துங்கள், எழுதும் கை அவர்கள் கையாக இருக்கட்டும், பக்கத்துணை நாம். முகாமுக்குள் போவதற்கு முறைப்படி அனுமதி கேட்டுப் போங்கள்.

ஓர் ஊருக்கு ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் ஊரின் பெயர். ஊரார் தமக்குள் வழங்கிய பெயர் வேறாக இருந்தால் அதுவும். பிறகு நான்கு எல்லை, கல்வெட்டில் எழுதியது போலவே! ஒழுங்கை, சந்தி, குளம், கிணறு, கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், வாசிகசாலை. காணிகளின் பெயர். என்ன பயிர், என்ன தொழில், எந்த மாதம் எந்தத் திருவிழா. எந்த நாளில் புறப்பட்டார்கள், எந்த வழியாக வந்தார்கள், எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள். பழைய புகைப்படமோ, பள்ளிச் சான்றோ, உறுதியின் கிழிந்த படியோ இருந்தால், அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, மூலத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஓர் ஊரைப் பற்றி இருவரைத் தனித்தனியே கேளுங்கள். ஒருவர் கிணறு கிழக்கே என்பார். மற்றவர் மேற்கே என்பார். நீங்கள் தீர்ப்பு வழங்காதீர்கள், இரண்டையும் எழுதுங்கள். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள், அழுதால் நிறுத்துங்கள். அழவைத்துப் பார்ப்பது நாடகக்காரன் வேலை. அந்தத் தவறு என்னோடு போகட்டும். ஆட்களின் பெயரையும் காணியின் விவரத்தையும் அவர்கள் இசைவில்லாமல் எங்கும் அச்சிடாதீர்கள். இந்த ஏட்டுக்கும் அனுப்பாதீர்கள். ஒரு படி அந்தக் குடும்பத்துக்கு; ஒரு படி, காலத்துக்கும் காக்கக் கூடியவர்களிடம். ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் 2005 முதல் மின்வடிவில் திரட்டிக் காக்கும் நூலகம் நிறுவனம் போன்றோர் இருக்கிறார்கள்; அவர்களிடம் கேளுங்கள்.

இன்னொன்று: அந்த நோட்டின் அட்டையில் நம் தலைவர்களின் படத்தை ஒட்டிவிடாதீர்கள்! அட்டையில் ஊரின் பெயர் போதும்.

அந்த அம்மையாரை நான் மறுபடியும் போய்ப் பார்த்தேன். இம்முறை நாடகக் குழு இல்லை, நோட்டு இருந்தது. ஒழுங்கை, கிணறு, வைரவர் கோயில், வாசிகசாலை, கடல் என்று மீண்டும் சொன்னார். பேரன் எழுதினான். நான்கு வீட்டாரின் பெயரை எழுதும்போது, மூன்றாவது பெயரில் அவருக்குச் சற்றுத் தடுமாற்றம். முன்பு எனக்குச் சொன்னாரே, நான் அன்றே எழுதியிருந்தால் தடுமாற்றம் இல்லையே! நெடுநேரம் யோசித்தார். பக்கத்து வீட்டு முதியவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் சொன்ன பெயர் சரியென்று இவருக்குத் தோன்றவில்லை. இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டோம்.

நாடகத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ‘ஒரு கிராமம்’ என்ற இடத்தில் இப்போது ஊர்ப் பெயர் இருக்கிறது. ஆனால் நாடகம் பிறகு ஆகட்டும். முதலில் நோட்டு. வரும் ஞாயிறன்று நீங்கள் எந்த முகாமுக்குப் போகிறீர்கள்?